பின் சீட்டில் இருப்பவரையும் கேளுங்கள்

வண்டி சூடு ஏறுகிறது என்று ஒருவர் வந்து நின்றால் முதலில் தண்ணீரைப் பார்ப்பீர்கள். அப்புறம் ஃபேன். அப்புறம் தெர்மோஸ்டாட். அப்புறம் வாட்டர் பம்ப். இதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் ஐ.டி.ஐ. படித்தவர்கள். கையில் ஸ்கேனர் வைத்திருக்கிறீர்கள். நான் ஆறாவதோடு நின்றவன்.

நான் எழுதுவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. முப்பத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்ததில் தப்பு நிறையச் செய்திருக்கிறேன். ஒரு தடவை பிரேக் ஆயில் ஊற்ற மறந்து வண்டியை வெளியே விட்டேன். எதிர் டீக்கடை பெஞ்சில் இடித்துத்தான் நின்றது. நல்ல வேளை, பெஞ்சில் ஆள் இல்லை. அந்த மாதிரித் தப்பு செய்தவனுக்கு உடனே தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. செய்து இரண்டு மாதம் வரைக்கும் தப்பு என்றே எனக்குத் தெரியாது.

ஷெட்டை மூடி இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருந்தது. பாதி எனக்கு. பாதி கபூர் பாய்க்கு. பாய் ஆட்டோ எலக்ட்ரீஷியன். என்னைவிட நாலு வயது பெரியவர். வாய் ஓயாது. நான் பேசாததற்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒரு சித்திரை மாதம். வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாக்கியநாதன் வண்டி வந்து நின்றது. நின்றதும் பானெட் இடுக்கில் ஆவி.

பாக்கியநாதன் எளாவூர்க்காரர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாக்கியண்ணா என்று கூப்பிடுவேன். அவருடையது சின்ன பெட்ரோல் கார். வெள்ளை. மூன்று சிலிண்டர். ஏசி கிடையாது. இருபத்து மூன்று வயதான வண்டி. பத்து வருஷமாக என்னைத் தவிர வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின் சீட்டில் அவர் சம்சாரம் ஸ்டெல்லாக்கா சாய்ந்திருந்தார். அவருக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி, செங்குன்றம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடிந்ததும் கிளம்பிப் போய், நாலு மணி நேரம் படுத்திருந்து, பகலில் திரும்புவார்கள். அன்றைக்கும் அங்கிருந்துதான் வந்தார்கள்.

"கவரப்பேட்ட தாண்டினதும் சூடு காட்டற முள்ளு ஏறிக்கினே போச்சி ஏழுமல," என்றார் பாக்கியண்ணா. "ரெண்டு தபா ஓரங்கட்டி ஆற வெச்சேன். தண்ணி ஊத்தினேன். மறுபடி ஏறுது."

"எப்பத்துலேந்து இப்பிடி?"

"இவ்ளோ ஏறினது இன்னிக்குத்தான். செவ்வாக்கெழம கொஞ்சம் ஏறிச்சி. தானா எறங்கிடுச்சி."

"வண்டில வேற எதுனா வேல பண்ணியா?"

"இல்லியே."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்சாரத்தைப் பற்றிய கவலை என்று நினைத்தேன்.

ஆறட்டும் என்று அரைமணி விட்டேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விட்டு இன்ஜினை ஓட்டினேன். ரேடியேட்டர் வாயில் முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. நிற்கவில்லை.

பழைய இன்ஜின். திடீரென்று சூடு. ரேடியேட்டரில் குமிழி. மூன்றும் சேர்ந்து வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதைத்தான் நானும் சொன்னேன்.

"ஹெட்டு கேஸ்கெட்டு போச்சிண்ணா. இன்ஜின் தலையவே கழட்டணும்."

பாய் எட்டிப் பார்த்தார். "அட, பாயாசம் மாதிரி கொதிக்குது. கேஸ்கெட்டேதான். டாக்டரே தேவையில்ல."

"எத்தினி நாளு ஆவும்?"

"கழட்டி லேத்துக்கு அனுப்பி மட்டம் பாத்து வரணும். லேத்துக்காரன் ஊர்ல திருவிழான்னு போய்க்கிறான். புதன்கெழம வெச்சிக்க. அதுவும் போல்ட்டு முறியாம கழண்டா. உப்புத்தண்ணி ஊத்தி ஓடின இன்ஜினு. உள்ள ஒண்ணு முறிஞ்சிச்சின்னா அப்பறம் நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

மீஞ்சூரிலிருந்து இந்தப் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அது இன்ஜினுக்குள் என்ன செய்து வைக்கும் என்று தினமும் பார்க்கிறீர்கள்.

பாக்கியண்ணா என் கையைப் பிடித்து ஷெட்டுக்கு வெளியே இட்டுக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சனிக்கெழம போவணும் ஏழுமல."

"வாடக கார் ஒண்ணு சொல்லட்டா?"

"ஏற மாட்டா. போன வருசம் ஒரு வாடக கார்ல வாந்தி எடுத்துட்டா. அந்த டிரைவரு வண்டிய நிறுத்திட்டு, பொணத்த ஏத்தினாக்கூட இப்டி நாறாதுன்னான். இவ காதுல வுழுந்திச்சி. அன்னியிலேந்து வேற எவன் வண்டிலயும் கால் வெக்க மாட்டேன்னுட்டா. அப்ப நம்ம வண்டி உங்கிட்ட கிளட்ச்சு வேலைக்கு நின்னுக்கினு இருந்திச்சி. ரெண்டு தபா போவாம உட்டுட்டா. மூச்சு முட்டி ஐசியூல கெடந்துதான் திரும்பி வந்தா."

ஒரு டிரெய்லர் லாரி போனது. அது போய் முடிகிற வரைக்கும் நின்றோம்.

"இன்னொரு வாட்டி அப்டி உட்டா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு," என்றார். "இந்த வண்டி ஓடற வரிக்கும்தான் அவ போவா."

அந்த கிளட்ச் வேலை எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பார்ட் வரவில்லை என்று நான் ஒரு வாரம் வண்டியைப் போட்டு வைத்திருந்தேன். அவர் தினமும் போன் செய்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இன்னிக்கே கழட்டறேண்ணா," என்றேன். "லேத்துக்கு வேற எவனயாவது புடிக்கறேன்."

அவசரம் வந்தால் நம் கை ஸ்பேனரைத்தான் தேடும். எதையாவது கழற்ற ஆரம்பித்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். பார்க்கிறவருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் பாக்ஸைத் திறந்து ஹெட் போல்ட்டுக்கான சாக்கெட்டை எடுத்து ஃபெண்டர் மேல் வைத்துவிட்டேன். வண்டியை உள்பக்கம் தள்ள வேண்டும். அதற்கு ஸ்டெல்லாக்கா இறங்க வேண்டும்.

பின் கதவைத் திறந்து கை கொடுத்தேன்.

அவர் கை பட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மேலே தகரம் வெந்துகொண்டிருக்கிற நேரம். எனக்குப் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை பானைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஸ்வெட்டர். காலில் சாக்ஸ். அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ்.

"இன்னாக்கா, இப்டி சில்லுனு கீற?"

"ரத்தத்த வெளிய எடுத்து மிசின்ல சுத்தி உள்ள வுடறாங்களேப்பா. முடிச்சிக்கினு வரும்போது ஒடம்பே ஐஸு. ஜன்னல மூடினா மேல கொஞ்சம் சூடு வரும். காலு ரெண்டும் எங்க கீதுன்னே தெரியாது." மெதுவாகத்தான் பேசினார். பேசும்போது பல் லேசாகத் தட்டியது. "இப்ப ஒரு மாசமா பரவால்ல. வண்டில ஏறினா காலுக்கு வெதுவெதுன்னு காத்து வரும். தூங்கிக்கினே ஊடு போய்ச் சேந்துருவேன். இன்னிக்கு இன்னாமோ பாதி வழில அது சில்லுனு ஆயிட்ச்சி. எனுக்கு முழிப்பு வந்திட்ச்சி. அப்பறந்தான் இவரு முள்ளு முள்ளுன்னு கத்த ஆரமிச்சாரு."

நான் கையை விடவில்லை.

"இன்னா காத்துக்கா?"

"சுடுகாத்து. தோ, சீட்டுக்கு அடில வருது பாரு."

பாக்கியண்ணாவைப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தேன். டாஷ்போர்டு அடியிலிருந்து ஒரு வளையும் பைப் முன் சீட்டுக்குக் கீழே ஓடி, பின் சீட்டுக் காலடியில் முடிந்திருந்தது. பைப் முழுக்கப் பழைய சேலைத் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தார். கால் படுகிற இடத்தில் மட்டும் துணி இரண்டு மடிப்பு. சுட்டுவிடக் கூடாது என்று.

"யா அல்லா," என்றார் பாய். "ஹீட்டரு போட்டுக்கிறாரு மனுசன்."

ஹீட்டர் என்பதை நீங்கள் வண்டியில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கம் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்ஜினில் சூடான தண்ணீர் இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போர்டு உள்ளே ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போய் வரும். அதன் மேல் காற்று அடித்தால் உள்ளே சுடுகாற்று. பழைய வண்டியில் அது ஒழுக ஆரம்பித்தால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு ஹோஸையும் வெட்டி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, கிளிப் போட்டு, கதையை முடித்துவிடுகிறோம். யாரையும் கேட்பதுகூட இல்லை. இந்த ஊரில் ஹீட்டர் எவனுக்கு வேண்டும்?

இந்த வண்டியிலும் ஆறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அப்படி வெட்டிச் சேர்த்தேன். அது இன்ஜினுக்குப் பின்னால், இருட்டான இடம். அங்கே நான் பார்க்கவே இல்லை. என் கை வேலை, எனக்குத் தெரியாதா என்கிற நினைப்பு. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் போட்ட துண்டு இல்லை. புது ஹோஸ் இரண்டு. கிளிப் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக இருந்தன. பாய்லர்காரர் வேலை. என் வேலையைவிட நன்றாக இருந்தது.

"ஏண்ணா, எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றேன்.

"கேட்டேனே ஏழுமல."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆயில் மாற்ற வந்திருந்தார். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஹீட்டர மறுபடி ஓட வெக்க முடியுமா?" என்று கேட்டார். மாசி வெயில். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "இன்னா நைனா, இமயமலைக்கு டூர் போறியா?" என்று அங்கிருந்தே கேட்டேன். பாய் சும்மா இருப்பாரா? "ஊரே அடுப்பு மேல வெச்ச மாதிரி வெந்துக்கினு கீது, இவருக்கு ஹீட்டரு வோணுமாம். ஸ்வெட்டரு, கம்பளி எல்லாம் எட்து வெச்சிட்டியா நைனா?" இரண்டு பேரும் சிரித்தோம். பாக்கியண்ணாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"அது செரிண்ணா. இப்ப கேட்டேனே, எதுனா பண்ணியான்னு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பின் சீட்டுப் பக்கம் லேசாகத் தலையைக் காட்டினார்.

"மறுபடி சிரிச்சீங்கன்னா? அவ உள்ள உக்காந்துக்கினு கீறாளே."

கபூர் பாய் உள்ளே போய் தன் தொழுகை விரிப்பை எடுத்து வந்தார். நாலாய் மடித்து ஸ்டெல்லாக்கா கால் மேல் போட்டார். "சுத்தமாத்தான் கீது பெஹன், வெச்சிக்கோ," என்றார்.

நான் சாக்கெட்டை எடுத்து பாக்ஸில் திரும்ப வைத்தேன்.

இப்போது ஸ்டெல்லாக்கா சொன்னதை யோசித்துப் பாருங்கள். முதலில் சுடுகாற்று சில்லென்று ஆனது. அதற்கு அப்புறம்தான் முள் ஏறியது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் எப்படிக் குளிரும்? அதற்குள் தண்ணீர் இல்லை என்றால்தான் குளிரும். அங்கே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பாக்கியண்ணா ஹோஸ் மாட்டியபோது உள்ளே நின்ற காற்றை முழுக்க வெளியே எடுக்கவில்லை. பாய்லரில் அதற்குத் தனி வால்வு இருக்கும், வண்டியில் இருக்காது. ஹீட்டரில் ஹோஸ் மாட்டுகிற மூக்கில் ஒரு இடத்தில் லேசாகக் கசிவும் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. ரேடியேட்டர் வாயில் நான் பார்த்த குமிழி அந்தக் காற்றாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். காற்றடைப்பில் சூடு ஏறி, அந்தச் சூட்டில் கேஸ்கெட்டும் போயிருக்கலாம். அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. ஹெட்டைக் கழற்றிவிட்டால் திரும்பிப் போக வழி இல்லை. காற்றை எடுத்துப் பார்ப்பதற்கு அரை நாள் போதும். தப்பாகப் போனாலும் ஒன்றும் முறியாது. இரண்டு வழி இருந்தால் முதலில் திரும்பி வரக்கூடிய வழியில் போங்கள். அவசரத்தில் அது தோன்றாது. எனக்கே ஒரு பெண்பிள்ளை கை சில்லென்று பட்டதால்தான் தோன்றியது.

அன்று மாலையே கசிவை அப்போதைக்கு அடைத்தேன். சர்வீஸ் ரோடு நெடுஞ்சாலையில் ஏறுகிற மேட்டில் வண்டியை மூக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தினேன். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டேன். ரேடியேட்டர் ஏப்பம் விட ஆரம்பித்தது. பெரிய பெரிய ஏப்பம். அப்புறம் சின்னது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் கையால் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.

அதுவரைக்கும் ஸ்டெல்லாக்கா பாயின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று பாய் கேட்டதற்கு, "எங்க வண்டி ஆவட்டும்," என்று சொல்லிவிட்டார். ரெடியானதும் அதே வண்டியில் போனார்கள். மெதுவாகப் போகச் சொன்னேன். மறுநாள் காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் எடுத்து வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் மட்டம் பார்த்தேன். ஒரு விரல் குறைந்திருந்தது. அது காற்றுப் போன இடமா, இன்ஜின் குடித்த தண்ணீரா? ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்த்தேன். கருப்பாகத்தான் இருந்தது. கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருந்தால் பால் கலந்த மாதிரி இருக்கும், அப்படி இல்லை. நல்லது. ஆனால் நிச்சயம் என்று சொல்ல முடியாது.

பாய் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "எதுக்கு பேஜாரு? ஹீட்டர எடுத்துட்டு பழயபடி பைபாஸ் பண்ணி வுடு. ரிஸ்க்கு இல்லாம போய்ட்டு வரட்டும்."

பாய் சொன்னது தப்பில்லை. நானே வேறு வண்டியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பழைய ஹீட்டர், உள்ளே துரு, எப்போது வேண்டுமானாலும் ஒழுகும். அதை எடுத்துவிட்டால் சனிக்கிழமைக்கு ஒரு கவலை குறையும்.

பாக்கியண்ணாவும் அதையே சொன்னார். "எடுத்துடு ஏழுமல. வண்டி ஓடினா போதும். நான் அவளுக்கு சுடுதண்ணி பாட்டில் எதுனா வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு அந்தத் துணி சுற்றிய பைப்பைப் பார்த்தார். கழற்ற வேண்டும் என்றால் அவரே கழற்றுவார் போலிருந்தது. குனியவும் குனிந்தார்.

"வுடுண்ணா," என்றேன். "அத்த தொடாத."

ஹீட்டரை முழுக்க வெளியே எடுத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன். செங்கல் கரைத்த மாதிரி வந்தது. மதியம் வரைக்கும் கழுவினேன். பாய் கேன் தண்ணீர் இரண்டு வாங்கி வந்து கொடுத்தார். போர் தண்ணீர் ஊற்றாதே என்றார். எனக்கே சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். கசிந்த மூக்கைப் பற்றவைத்து வாங்கி வந்தேன். எல்லாம் மாட்டி, மறுபடி மேட்டில் நிறுத்திக் காற்றை எடுத்தேன். முள் பாதியில் நின்றது. அரைமணி ஓடியது. அசையவில்லை.

"நாளைக்கு நானும் வரேண்ணா," என்றேன்.

"நீ எதுக்கு?"

"முள்ளப் பாத்துக்கினு வரேன்."

நிறுத்தி வைத்த வண்டி அரைமணி ஓடுவது வேறு. சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் ஓடுவது வேறு. வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் என்னை ஷெட் வாசலில் ஏற்றிக்கொண்டார்கள். கையில் ஒரு கேன் தண்ணீர், பையில் நாலு ஸ்பேனர். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. காலைக் காற்று. நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இடையில் இரண்டு தடவை போய்த் தண்ணீர் மட்டம் பார்த்தேன். பாக்கியண்ணா வந்து நாஷ்டா சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம்.

பதினோரு மணிக்கு மேல் ஸ்டெல்லாக்காவைத் தாங்கி அழைத்து வந்தார். முகம் காகிதம் மாதிரி இருந்தது. பின் சீட்டில் படுக்க வைத்து, கால் இரண்டையும் பைப் வாயில் வைத்து, போர்வை போர்த்தினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் நாலையும் ஏற்றினோம். பாக்கியண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஹீட்டரைத் திறந்தார்.

வெயிலில் தாரெல்லாம் பளபளவென்றிருந்தது. ஏசி இல்லாத வண்டி, ஜன்னல் மூடி, உள்ளே சுடுகாற்று. காரனோடை வருவதற்குள் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. வேர்வை புருவத்தில் நின்று கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தால் முள்ளைப் பார்க்க முடியாது என்று துடைக்காமல் இருந்தேன். பாக்கியண்ணாவும் அப்படித்தான். அவர் பழக்கப்பட்டவர். ஒரு மாதமாக வாரம் மூன்று நாள் இந்த அடுப்புக்குள் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"ஏம்பா ஏழுமல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒனக்கு வேர்த்துக் கொட்டுதே. ஜன்னல எறக்கிக்கோயேன்."

"இல்லக்கா. காத்து அடிச்சா முள்ளு சரியா காட்டாது."

முள்ளுக்கும் ஜன்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்களுக்குத் தெரியும். பாக்கியண்ணாவுக்கும் தெரியும். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓரத்தில் லேசாகச் சிரிப்பு.

"காலுக்கு வருதாக்கா காத்து?"

"வருதுப்பா. நல்லா வருது."

அது போதும் எனக்கு. அவர் காலுக்குச் சூடு வருகிறவரைக்கும் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. முள்ளுக்கு முன்னால் அந்தக் கால் சொல்லிவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டேன். வருது என்றார். ஜனப்பன்சத்திரம் தாண்டிக் கேட்டேன். ம் என்றார். கவரப்பேட்டை வந்தது. வியாழக்கிழமை முள் ஏறிய இடம். பாக்கியண்ணா ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தார். நான் கேட்டேன்.

பதில் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வை ஏறி ஏறி இறங்கியது. தூங்கிவிட்டார். முள்ளைப் பார்த்தேன். பாதியில் நின்றது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேரையும் கேளுங்கள். ஓட்டியவருக்கு முள்தான் தெரியும். உட்கார்ந்து வந்தவருக்கு வேறு தெரியும். யாராவது உங்களிடம் வந்து இந்த ஊருக்கு ஒத்துவராத ஒன்றைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாம் சிரித்துவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்த் தானே செய்துகொள்வார். செய்ததை நம்மிடம் மறைப்பார். அப்புறம் நாம் எத்தனை ஸ்கேனர் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

கும்மிடிப்பூண்டி வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வழி தெரிந்தது. பாய் ஷெட் வாசலில் நின்று நெற்றிக்கு மேல் கை வைத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியண்ணா இண்டிகேட்டரைப் போட்டார். வேகத்தைக் குறைத்தார். குறைத்ததும் பின் சீட்டில் போர்வை அசைந்தது.

நான் பாக்கியண்ணா கையைத் தொட்டேன். நேராகப் போ என்று விரலைக் காட்டினேன்.

அவர் இண்டிகேட்டரை அணைத்தார். வண்டி ஷெட்டைத் தாண்டியது. பாய் கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

எளாவூரில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். பாக்கியண்ணா இன்ஜினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று வேப்பமர நிழலில் அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து, செக்போஸ்டைத் தாண்டி வந்த ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சட்டை, வேட்டி, தலை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா பெரிசு, எங்க மழ?"

"உள்ள," என்றேன்.